கழித்த பெட்டியிற் பிறக்கும் குரல்

கல்லூரி விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதுங் கட்டுரை இலக்கணத்தையோ இலக்கியத்தையோ பற்றியதாக இருக்குமென அன்பர்கள் எதிர்பார்த்தல் இயல்பு. இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் பழுதடைந்த வானொலிப் பெட்டியும், அதனுள் எஞ்சியிருக்கும் உறுப்புகளும், அவற்றைக்கொண்டு வீட்டிலேயே அமைக்கத்தக்க ஒலி விரியலாக்கியும் ஆகும். கடைத்தெருவில் இதனை ‘அம்ப்’ என்பர். இப்பொருள் மொழிக்குப் புறம்பானதென்று யாரும் கருதவேண்டியதில்லை. எழுத்து மொழிக்கு உடலாயின் குரல் அதற்கு உயிர். அக்குரலைப் பேணும் கருவியைப் பற்றி அறிதலும் தமிழ் கற்பார்க்குரிய கடமைகளுள் ஒன்றேயாம்.

உடப்பைப் பொறுத்தவரை இக்கடமை சற்றுக் கூடுதலானது. மேற்கே கடலும் கிழக்கே களப்புமாக நடுவே நீண்டு கிடக்கும் இம்மணற்கரையிற் கரைவலைத் தொழில் வளர்ந்ததோடு அம்பாப் பாடலும் வளர்ந்தது. வலைக்கயிற்றைப் பற்றி இழுப்போருள் ஒருவர் முன்னடி சொல்ல, ஏனையோர் பின்னடி சொல்லிக் காலூன்றி இழுத்த முறை நம் மூத்தோர் நன்கறிந்தது. இலங்கையின் கரைகள் பலவற்றில் உழவு இயந்திரத்தின் உருளை கயிற்றை இழுக்கத் தொடங்கியபின் அப்பாட்டுக்குத் தொழிலிடம் குறைந்துவிட்டது. பாடினோர் பலர் மறைந்தனர். அவர்தம் குரலும், ஆடி மாதத்துத் திரௌபதையம்மன் விழாக்காலத்துப் பாட்டும் படிப்பும், வீடுகளில் ஒலிநாடாப் பேழைகளுள் அடங்கிக் கிடக்கின்றன. நாடா இருக்கிறது, கேட்பிக்கும் பெட்டியோ உப்புக்காற்றில் ஊமையாகிப் பரணிற் கிடக்கிறது. அப்பெட்டியைக் கழிவென்று எறிவதா, அதன் நல்லுறுப்புகளைத் தேர்ந்து மீண்டும் பேசவைப்பதா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

நாடறிந்த முன்மாதிரி

கழித்த பொருளிலிருந்து கருவி செய்தல் தகுதிக்குறைவான செயலென்று எண்ணுவார், நம் நாட்டு வானொலியின் பிறப்பை அறிதல் நன்று. 1921இல் இலங்கைக்கு வந்து தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராகப் பணிபுரிந்தவர் எட்வேட் ஹாப்பர். 1923இல் அவரும் அவருடைய துணைவரும் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை வானில் பரப்பிப் பார்த்தனர். அதற்கு வேண்டிய பரப்பியை அவர்கள் கடையில் வாங்கவில்லை. முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளிலிருந்து உறுப்புகளைக் கழற்றித் தாமே அமைத்துக்கொண்டனர். அம்முயற்சியின் பயனாக 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் தோன்றி அப்போது மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. பின்னாளில், 1949 முதல், ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயரோடு தமிழகக் கரைவரை புகழ்பெற்ற நிலையத்துக்கு வித்து அதுவே.

போர்க்கருவியாயிருந்தது பாட்டுக்கருவியானமை வெறும் அதிர்ஷ்டத்தால் நிகழ்ந்ததன்று. கழற்றிய ஒவ்வோர் உறுப்பும் யாது, அதன் தொழில் யாது, அது இன்னும் தொழிற்படுமா என்று சோதித்தறிந்த பின்னரே அவற்றை ஒன்றுசேர்க்க இயலும். இக்கட்டுரை வலியுறுத்த விழைவதும் இதுவே: சோதித்துச் சேர்த்தாற் குரல் மீளும், சோதியாது சேர்த்தாற் பொருள் கெடும், சிலபொழுது உயிருங் கெடும்.

விரியலாக்கி என்பது யாது?

நாடாவைப் படிக்கும் தலையிலிருந்தோ, கைத்தொலைபேசியின் செவிக்குழாய்த் துளையிலிருந்தோ வெளிவரும் மின்சைகை மிகச் சிறியது. அது ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கும் ஆற்றல் உடையதன்று. அச்சிறு சைகையின் வடிவங் கெடாமல் அதனை வலிமையுடையதாக்குவதே விரியலாக்கியின் தொழில். வலிமை சைகையிலிருந்து வருவதில்லை, மின்னூட்டத்திலிருந்து வருகிறது. மதகைத் திறப்பவன் கைவலி சிறிது. மதகின்வழி வரும் குளத்து நீரின் விசை பெரிது. சைகை மதகைத் திறக்கும் கை, மின்னூட்டம் குளம்.

இம்மதகை முதலிற் கண்டவர் அமெரிக்கரான லீ டி பொறெஸ்ட். 1906இல் அவர் வெற்றிடக் குமிழினுள் மூன்றாவதொரு மின்வாயைப் புகுத்தினார். நம் பாட்டனார் காலத்து வானொலிகளில் ஒளிர்ந்த ‘வால்வு’கள் அதன் வழிவந்தவை. 1947இல் பெல் ஆய்வுகூடத்திற் பார்தீனும் பிறற்றெயினும் திரான்சிற்றரைக் கண்டனர். கண்ணாடிக் குமிழின் வேலையை ஒரு சிறு குறைகடத்தித் துண்டு செய்யத் தொடங்கியது. 1958க்குப் பின் பல திரான்சிற்றர்கள் ஒரே துண்டில் அடங்கும் ஒருங்கிணைந்த சுற்று வந்தது. கடைக்காரர் அதனை ‘ஐ. சி.’ என்பர்.

இவற்றிடையே நிகழ்ந்த மற்றொரு கண்டுபிடிப்பைப் பலரும் அறியார். விரியலாக்கி சைகையைப் பெருக்கும்போது அதன் வடிவைச் சிறிது சிதைத்தும் விடுகிறது. 1927 ஆகஸ்ட் 2ஆம் நாட் காலை, பெல் ஆய்வுகூடத்துப் பொறியியலாளரான ஹரோல்ட் பிளாக், ஹட்சன் ஆற்றைப் படகிற் கடந்து பணிக்குச் செல்கையில் இதற்கொரு தீர்வு கண்டார். கையிலிருந்த ‘நியூயோர்க் ரைம்ஸ்’ தாளின் வெற்றிடத்திலேயே அதனை எழுதிவைத்தார். வெளியீட்டின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளீட்டுக்கு எதிராகக் கொணர்ந்தால், விரியலாக்கி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். இதற்கு மறைப் பின்னூட்டல் என்று பெயர். இக்காலத்து ஒலி விரியலாக்கிகளுட் பெரும்பாலானவை இதன்வழியே நிற்கின்றன; நாம் அமைக்கப்போவதும் அவ்வாறே.

கொள்வனவும் தள்ளுவனவும்

1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் நம் ஊர்களுக்கு ஒலிநாடா வானொலிகள் ஏராளமாக வந்தன. மத்திய கிழக்கிலிருந்து மீண்டோர் கையிலும் அவை வந்தன. பின்னர்க் கணினிக்குத் துணையான இரட்டை ஒலிபெருக்கிகள் வந்தன. இவையே இன்று நமக்குச் சுரங்கம்.

கொள்ளத்தக்கவை: மின்மாற்றி, வெப்பம் வாங்கும் அலுமினியத் தகடு, ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ், தடையிகள், தகட்டுவகைச் சிறு கொள்ளளவிகள், ஒருங்கிணைந்த சுற்று, ஒலிபெருக்கி, மரப்பெட்டி, திருகாணிகள்.

தள்ளத்தக்கவற்றுள் முதலாவது மின்பகு கொள்ளளவி. உருளை வடிவினதாய், ஒருபுறம் மறைக்குறி இட்டிருப்பது அது. அதனுள்ளே ஈரமான மின்பகுபொருள் உண்டு. ஆண்டுகள் செல்ல அது வற்றும், கொள்ளளவு குறையும், சில உருளைகளின் தலை உப்பும். பார்வைக்கு நல்லதாகத் தோன்றுவதும் உள்ளே உலர்ந்திருக்கக்கூடும். ஆதலின் மின்னூட்டத்துக்குரிய பெரிய கொள்ளளவிகளை மட்டும் புதியனவாக வாங்குதல் வேண்டும். இதிற் சிக்கனம் கூடாது.

இரண்டாவது வெட்டுப்பட்ட மின்வடம். கொடி வெடித்திருப்பின் ஒட்டுநாடா சுற்றிப் பயன்படுத்தலாகாது.

மூன்றாவது நம் கரைக்கே உரிய பகை. கடற்காற்றின் உப்பு செம்புக் கம்பியிற் பச்சைக் களிம்பை ஏற்றும். செம்பிற் களிம்புபோல் உயிரை ஆணவமலம் பற்றியுள்ளதெனச் சைவ சித்தாந்தம் உவமை கூறும். அவ்வுவமையின் கூர்மை விளங்கவேண்டுமாயின் உடப்பிற் பத்தாண்டு கிடந்த வானொலியொன்றைத் திறந்து பார்த்தல் போதும். களிம்பு மேலோட்டமாயின் நுண்ணிய மணற்றாளால் தேய்த்து நீக்கலாம். கம்பியின் உட்புறம் வரை கறுத்திருப்பின் அதனைத் தள்ளிவிடுக. அதிற் பற்றாசு ஒட்டாது.

இங்கே எச்சரிக்கை ஒன்று உண்டு. மாணாக்கர் இதனை இருமுறை படிக்க வேண்டும். வால்வு வானொலியின் உள்ளே 250 முதல் 300 வோல்ற்று வரை நேர்மின்னழுத்தம் உண்டு. மின்வடத்தைக் கழற்றிய பின்னும் அது கொள்ளளவியில் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 உவாற்றுத் தடையியொன்றைக் காப்பிட்ட கம்பிகளாற் பிடித்து, கொள்ளளவியின் இருமுனைக்கும் குறுக்கே சில விநாடி வைத்து, பின்னர்ப் பல்மானியால் அளந்து, சுழியெனக் கண்ட பின்னரே கைவைத்தல் வேண்டும். அவ்வகை வானொலிகளுட் சிலவற்றில் மின்மாற்றியே இராது. உலோகச் சட்டம் நேரே வீட்டு மின்னோடு தொடுப்புண்டிருக்கும். அவற்றை மாணாக்கர் தொடவே கூடாது. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியும் நுண்ணலை அடுப்பும் அவ்வாறே. நுண்ணலை அடுப்பின் மின்மாற்றி ஒரு நொடியில் உயிரைக் கொள்ளவல்லது. நாம் இங்கே கூறும் விரியலாக்கி தாழ்ந்த மின்னழுத்தத்தில் இயங்குவது. அதனை அவ்வாறு தெரிந்தெடுத்ததற்குக் காரணமும் இதுவே.

மின்னூட்டம்

நம் வீட்டு மின் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். இதனைத் தாழ்த்த ‘9-0-9’ எனக் குறித்த, 1 அம்பியர் தரவல்ல மின்மாற்றி ஏற்றது. குறி அழிந்திருப்பின் பல்மானியால் தடையை அளக்க. தடை மிகுந்த பக்கம் முதற்சுற்று, அதுவே 230 வோல்ற்றுக்குரியது. சில ஓம் மட்டுமே காட்டுவது துணைச்சுற்று. முதற்சுற்றுக்கும் துணைச்சுற்றுக்கும் இடையில் எவ்விதத் தொடர்பும் காட்டலாகாது. காட்டின் அம்மின்மாற்றி உயிருக்குக் கேடு; அதனை எறிக.

பின்னர்த் தொடர்விளக்குச் சோதனை. 40 உவாற்று இழைக்குமிழ் ஒன்றை மின்மாற்றியோடு தொடர்நிலையில் இணைத்து மின்னைத் திறந்தால், நல்ல மின்மாற்றியாயின் குமிழ் அணைந்தோ மங்கியோ நிற்கும். குமிழ் முழு ஒளியோடு எரிந்தால் உட்சுற்று குறுக்கிட்டுக் கெட்டது என்று கொள்க. இச்சோதனையை ஆசிரியரோ மின்வினைஞரோ உடனிருந்து செய்விக்க. வீட்டின் ‘ரிப் சுவிச்சு’ ஒழுங்காகத் தொழிற்படுகிறதா என்பதையும் அன்றே பார்த்துக்கொள்ளுதல் நன்று.

துணைச்சுற்றின் இருபுற முனைகளை நான்கு இருவாயிகளாலான பாலத்துக்குக் கொடுக்க. ‘1 என் 4007’ என்னும் இருவாயி நமக்குப் போதும். அது 1 அம்பியர் தாங்கும். நடுமுனையே பூச்சியம் எனப்படும் பொதுநிலம். பாலத்தின் நேர்முனைக்கும் நிலத்துக்கும் இடையே 4700 மைக்ரோபரட், 25 வோல்ற்றுக் கொள்ளளவி ஒன்று. நிலத்துக்கும் மறைமுனைக்கும் இடையே அதுபோன்ற மற்றொன்று. திசைமாறி இணைத்தால் அது சூடேறி வெடிக்கும். குறியைப் பார்த்து இணைக்க.

கணக்கைக் காண்போம். 9 வோல்ற்று ஆடலோட்டத்தின் உச்சி, 9ஐ 1.414ஆற் பெருக்க, 12.7 வோல்ற்று. இருவாயியில் 0.7 கழிய எஞ்சுவது 12. ஆகவே நிலத்துக்கு மேலே 12, கீழே 12 வோல்ற்று கிடைக்கும். ஒருங்கிணைந்த சுற்று ஏறத்தாழ 2 வோல்ற்றைத் தனக்கென வைத்துக்கொள்ள, ஒலிபெருக்கிக்குச் செல்லும் அலையின் உச்சி 10 வோல்ற்று. 8 ஓம் ஒலிபெருக்கியில் இதன் ஆற்றல், பத்தின் வர்க்கமாகிய 100ஐ 16ஆல் வகுக்க, 6 உவாற்றுக்குச் சற்று மேல். ‘ஆறு உவாற்று எம்மாத்திரம்?’ என்று இளைஞர் நகைக்கலாம். ஒற்றை வெளியீட்டு வால்வுள்ள பழைய வானொலிகள் 3 அல்லது 4 உவாற்றைக்கொண்டே முற்றம் நிறைந்த கூட்டத்துக்குச் செய்தி சொல்லின. வீட்டுக்கு ஆறு தாராளம்.

முதற்சுற்றின் வழியிற் கால் அம்பியர் உருகி ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். பெட்டி உலோகமாயின் மூன்றாங் கம்பியாகிய புவிக்கம்பியை அதனோடு இறுகப் பொருத்துக.

ஒருங்கிணைந்த சுற்றும் அதன் துணைவரும்

கணினி ஒலிபெருக்கிகளிலும் சிறு இசைப்பெட்டிகளிலும் ‘ரி. டி. ஏ. 2030’ என்னும் ஐந்து கால் ஒருங்கிணைந்த சுற்று பெரிதும் வழங்கியது. கடைகளிற் புதிதென விற்கப்படுவனவற்றுட் போலிகளும் உண்டு. பழம்பெட்டியிலிருந்து கழற்றியதோ, பல்லாண்டு தொழிற்பட்டுத் தன் மெய்ம்மையை முன்பே நிறுவியது. பழமைக்கு இத்தகைய சிறப்பும் உண்டு.

எழுத்துள்ள முகம் நம்மை நோக்க, கால்கள் கீழ்நோக்கப் பிடித்தால் இடமிருந்து முதற்கால் சைகையின் உள்ளீடு, இரண்டாங்கால் பின்னூட்டலுக்குரிய எதிர் உள்ளீடு, மூன்றாங்கால் மறை மின்னூட்டம், நான்காங்கால் வெளியீடு, ஐந்தாங்கால் நேர் மின்னூட்டம்.

சைகை 10 கிலோ ஓம் ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழின்வழி வந்து, 1 மைக்ரோபரட் கொள்ளளவியைக் கடந்து முதற்காலை அடையும். அக்காலிலிருந்து நிலத்துக்கு 22 கிலோ ஓம் தடையி ஒன்று. நான்காங்காலிலிருந்து இரண்டாங்காலுக்கு இன்னொரு 22 கிலோ ஓம் தடையி. இரண்டாங்காலிலிருந்து 680 ஓம் தடையியும், அதனைத் தொடர்ந்து 22 மைக்ரோபரட் கொள்ளளவியும் நிலத்தை அடையும். பிளாக் படகிற் கண்ட பின்னூட்டல் இவ்விரு தடையிகளிலேயே அடங்கியுள்ளது. 22,000ஐ 680ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட ஏறத்தாழ 33 வரும். சைகை 33 மடங்காகும் என்பது இதன் பொருள். 0.3 வோல்ற்று உச்சியுடைய சைகை 10 வோல்ற்றாகும். கைத்தொலைபேசியும் நாடாப்பெட்டியின் செவிக்குழாய்த் துளையும் அவ்வளவைத் தரவல்லன.

நான்காங்காலிலிருந்து நிலத்துக்கு 1 ஓம் தடையியும் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும் தொடராக இருத்தல் வேண்டும். மின்னூட்டக் கால்களாகிய மூன்றுக்கும் ஐந்துக்கும் மிக அண்மையில், ஒவ்வொன்றிலிருந்தும் நிலத்துக்கு 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒவ்வொன்று வைக்க. இவை சிறியன, ஆயினும் இவை இல்லாவிடின் விரியலாக்கி செவிக்கெட்டாத அலைவிற் தானே அலறிச் சூடேறும்.

ஒருங்கிணைந்த சுற்றின் முதுகு உலோகத்தாலானது. அது உள்ளே மூன்றாங்காலோடு, அதாவது மறை மின்னூட்டத்தோடு, இணைந்துள்ளது. அதனை அலுமினியத் தகட்டிற் பொருத்தும்போது இடையே அபிரகத் தகடும் திருகாணிக்குக் காப்பு வளையமும் இடுக. பழம்பெட்டியில் அவை இருந்தனவாயின் அவற்றையும் சேர்த்தே கழற்றி வைத்துக்கொள்க. தகடின்றி இயக்குதல் கூடாது.

பற்றாசு

உறுப்புகளை இணைக்கும் ஈயக்கலவைக்குப் பொற்கொல்லர் வழக்கிற் பற்றாசு என்று பெயர். தமிழ் கற்போர் இச்சொல்லை யாப்பிலக்கணத்திற் கண்டிருப்பர். நேரிசை வெண்பாவில் முதற்குறளின் இறுதிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பதை ஆசிடை நேரிசை வெண்பா என்பர். உலோகத் துண்டுகளைப் பொருத்துங்காற் பற்றாசு இடுவதுபோல இது ஆயிற்றென யாப்பருங்கலக்காரிகையின் உரையாசிரியர் விளக்குவர்.

அவ்விளக்கம் இத்தொழிலுக்கும் இலக்கணமாகும். ஆசு அளவோடு இருத்தல் வேண்டும். மிகுந்தால் பாட்டுங் கெடும், பலகையுங் கெடும். சூட்டுக்கோலின் நுனியாற் பற்றாசை உருக்கி மேலே சொட்டவிடுதல் முறையன்று. இணைக்கவேண்டிய கம்பி, பலகையின் செம்பு ஆகிய இரண்டையும் ஒருங்கே சூடாக்கி, அச்சூட்டிலே பற்றாசு தானே உருகிப் பரவுமாறு செய்தல் வேண்டும். நன்றாகப் பற்றிய இடம் வழுவழுப்பாய்ச் சரிந்து பளபளக்கும். பற்றாத இடம் உருண்டு மங்கிக் கிடக்கும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்து, உள்ளே பிசின் பொதிந்த கம்பி வேலைக்கு எளிது. காரீயம் நஞ்சாதலின் வேலை முடிந்ததும் கைகழுவாமல் உண்ணுதல் கூடாது. புகையை முகராதபடி காற்றோட்டமான இடத்தில் அமர்க.

நிலக்கம்பிகளை ஆங்காங்கே தொடுக்காமல் அனைத்தையும் இரு பெரிய கொள்ளளவிகளின் நடுப்புள்ளியாகிய ஒரே இடத்திற் கொண்டுவந்து சேர்க்க. இதனைச் செய்யாமையாலேயே பலருடைய விரியலாக்கி பாட்டுக்கு முன் ‘ம்ம்’ என்று முரலுகிறது. வேலை முடிந்து சோதனையும் தேறியபின், பலகையின் செம்புப்புறத்தில் மெல்லிய வார்னிசு ஒரு பூச்சுப் பூசுக. உப்புக்காற்றுக்கு அதுவே கவசம்.

முதற் சோதனை

அமைத்து முடித்தவுடன் ஒலிபெருக்கியைப் பொருத்திப் பாட்டுக் கேட்க விரைதல் இளமையின் இயல்பு. அதனை அடக்குக. முதலில் ஒலிபெருக்கி இல்லாமல், தொடர்விளக்கின் வழியாக மின்னைத் திறக்க. விளக்கு ஒருகணம் ஒளிர்ந்து மங்கவேண்டும். இரு மின்னூட்டங்களையும் அளக்க. மேலும் கீழும் ஏறத்தாழச் சமமாக 12 வோல்ற்றளவில், அன்றிச் சுமையில்லாமையாற் சற்றுக் கூடுதலாக இருக்கும். பின்னர் நான்காங்காலுக்கும் நிலத்துக்கும் இடையே அளக்க. அங்கே 0.1 வோல்ற்றுக்கு மேல் நேர்மின்னழுத்தம் இருத்தலாகாது. இருப்பின் மின்னை நிறுத்தி இணைப்புகளை மீண்டும் பார்க்க; அந்நிலையிற் பொருத்தினால் ஒலிபெருக்கியின் சுருள் கருகிவிடும். இவையெல்லாம் தேறிய பின்னரே தொடர்விளக்கை நீக்கி ஒலிபெருக்கியைப் பொருத்துக.

ஒலிபெருக்கியும் பெட்டியும்

பழைய ஒலிபெருக்கியைச் சோதிக்க ஒன்றரை வோல்ற்று மின்கலம் போதும். ஒருகணம் தொட்டெடுக்கக் கூம்பு அசைந்து ‘டக்’ என்னும். 8 ஓம் என்று குறித்தது பல்மானியில் 6 அல்லது 7 ஓம் காட்டுவது இயல்பே. இருவிரலாற் கூம்பை மெல்ல அமுக்கினால் உராய்வோசை கேட்கலாகாது. கேட்பின் காந்த இடைவெளியில் துரு ஏறிவிட்டது. விளிம்பு துணியாலோ தாளாலோ ஆனதாயின் நெடுநாள் நிற்கும். நுரைப்பஞ்சு விளிம்பு நம் வெக்கையிற் பொடிந்துபோகும்.

பெட்டியின்றி ஒலிபெருக்கியை இயக்கினால் ஒலி மெலிந்திருப்பதைக் காணலாம். கூம்பு முன்னோக்கித் தள்ளும்போது பின்புறம் காற்று இழுபடுகிறது. முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று வளைந்து சென்று அழித்துக்கொள்கின்றன. தாழ்ந்த சுரங்களில் இவ்வழிவு மிகுதி. பின்னலையை அடைத்து வைப்பதே பெட்டியின் வேலை. பழைய வானொலியின் மரப்பெட்டி இதற்கு மிக நன்று. அதன் பின்புறத்தைத் தடித்த பலகையால் இறுக மூடி, உள்ளே சிறிது பஞ்சு வைக்க.

கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்க இவ்வளவு பாடு எதற்கு என்ற வினாவுக்கு விடை இங்கே உள்ளது. விரலகல ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிக்கு வேண்டிய அளவு காற்றைத் தள்ள இயலாது. 400 ஹேர்ட்ஸுக்குக் கீழே அது பெரிதும் மெலியும். ஆண்குரலின் அடிச்சுரமோ 100 முதல் 150 ஹேர்ட்ஸ் அளவினது. இல்லாத அச்சுரத்தைச் செவி ஊகித்துக்கொள்ளும். ஆயினும் கனம் கிடைக்காது. ஒருவர் முன்னடி சொல்ல இருபதின்மர் பின்னடி சொல்லும் அம்பாப் பாடலில் அந்த இருபதின்மருடைய நெஞ்சொலியே பாட்டின் பாதி. கைத்தொலைபேசியில் அது கீச்சொலியாகத் தேய்கிறது. மேலும், கைத்தொலைபேசியை ஒருவர் கேட்பார். முற்றத்து ஒலிபெருக்கியைப் பத்துப்பேர் சேர்ந்து கேட்பர்.

கேட்பிக்க வேண்டியவை

ஒலிநாடாப் பேழை பிலிப்ஸ் நிறுவனத்தால் 1963இல் வெளியிடப்பட்டது. நாடாவின் அகலம் 4 மில்லிமீற்றருக்குஞ் சற்றுக் குறைவு. அது நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். இவ்வளவு மெல்லிய பொருள் எப்போதைக்கும் நிலைக்குமென எண்ணுதல் கூடாது. ஆதலின் கேட்குமுன் செய்யவேண்டுவன சில உண்டு.

பேழையின் பின்விளிம்பில் இரண்டு சிறு பிளாத்திக்கு நாக்குகள் இருக்கும். முதல் வேலையாக அவற்றை ஒடித்துவிடுக. பிறகு யாரும் தவறிப் பதிவு விசையை அழுத்திப் பழங்குரலை அழிக்க இயலாது. நாடாவில் வெண்பூஞ்சை தெரிந்தால் ஓட்டாமல் தனியே உலர வைத்துத் தேர்ந்தவரிடம் காட்டுக. நாடாப்பெட்டியின் தலையை மதுசாரம் தோய்த்த பஞ்சாற் துடைக்க. பெட்டியின் இரப்பர்ப் பட்டி தளர்ந்திருப்பின் வேகம் குன்றிக் குரல் தடித்துவிடும், புதுப்பட்டி இடுக. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் ஓட்டத்திலேயே செவிக்குழாய்த் துளையிலிருந்து கணினிக்குக் கம்பி கொடுத்துப் பிரதியெடுத்துவிடுக. அப்பிரதியை இரண்டு வீடுகளில் இருவேறு இடத்தில் வைக்க. பின்பு கேட்பதெல்லாம் பிரதியாகவே இருக்கட்டும்.

பிரதியெடுத்தலோடு பணி முடிவதில்லை. பேழையின் முகப்பிற் பெரும்பாலும் பெயரோ நாளோ எழுதப்பட்டிராது. முன்னடி சொன்னவர் யார், எந்தப் பாட்டில் எவ்வளவு இழுத்ததும் மடி கரையேறும், ஒரு சொல்லின் பொருள் யாது என்பவற்றைச் சொல்லவல்லோர் இன்று முதியவர்கள். அவர்களிற் பலருக்குச் செவி மந்தம். மெல்லிய ஒலியை அவர்களால் அறிய இயலாது. தெளிந்த, கனமான ஒலியை அறிவர். ஆறு உவாற்று விரியலாக்கி ஒன்று முற்றத்தில் இருக்குமாயின், ‘இது இன்னார் குரல்’ என்று அவர்கள் சொல்லுவர், மாணாக்கர் எழுதிக்கொள்வர். அம்முதியவர்கள் மறைந்தபின் எத்துணை உயர்ந்த கருவி வந்தாலும் அக்குரல்களுக்குப் பெயர் சொல்லுவார் இரார். காலம் அவ்வளவே உள்ளது.

ஆதலின் பழைய மாணவர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் எளியது. பரணிற் கிடக்கும் பெட்டியைப் பழையிரும்பு வாங்குவோனுக்கு நிறுத்துக் கொடுக்குமுன், அதனைப் பாடசாலையின் ஆய்வுகூடத்துக்கு ஒருநாள் அனுப்பிவையுங்கள். விஞ்ஞான ஆசிரியர் மேற்பார்வையில் மாணாக்கர் அதனைப் பிரித்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளக் கற்பர். பேழைகளை எங்கும் அனுப்பவேண்டா. அவற்றின் பிரதி ஒன்று போதும். மாணாக்கர்க்கு நாம் கூறுவதும் ஒன்றே: பல்மானியை முதலில் எடுங்கள், சூட்டுக்கோலைப் பின்னர் எடுங்கள், மின்வடத்தை இறுதியிற் செருகுங்கள், கேட்கத் தொடங்கும்போது குறிப்பேட்டைத் திறந்து, பாட்டி பாட்டனாரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.